டீக்கடையில் ஒரு நொதி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் ஒரு டீக்கடை இருக்கும். டீக்கடை இருந்தால் விலைப்பலகையும் இருக்கும். டீ, ஸ்பெஷல் டீ, இஞ்சி டீ, லெமன் டீ, பிளாக் டீ, கிரீன் டீ, சுக்கு காபி. கடை கொஞ்சம் புதியதென்றால் ஆவாரம்பூ டீ, சங்குப்பூ டீ என்று பட்டியல் நீளும். இந்தப் பலகையை ஒரு தாவரவியலாளரிடம் கொடுத்தால் முதலில் சிலவற்றை அடித்துவிடுவார். சுக்கு காபியில் காபி இல்லை. ஆவாரம்பூவிலும் சங்குப்பூவிலும் தேயிலை இல்லை. அவை கஷாயங்கள். குடிக்கலாம், குற்றமில்லை. மிச்சமிருப்பவை அத்தனையும் ஒரே செடியிலிருந்து வருபவை. அதன் பெயர் கமேலியா சைனென்சிஸ்.

ஜப்பானின் செஞ்சா, தைவானின் ஊலாங், யுன்னானின் பூ-அர், டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு, ரேஷன் கடையில் விற்கும் ஊட்டி டீ எல்லாமே அந்த ஒரே இனத்தின் இலைதான். ஒரு கிலோ சில நூறு ரூபாய்க்கும் விற்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் விற்கிறது. பச்சையாக, மஞ்சளாக, செம்பாக, கறுப்பாக இறங்குகிறது. செடி ஒன்றென்றால் இத்தனை வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

இந்தக் கேள்வியில் லின்னேயஸே தடுக்கி விழுந்தவர். 1753இல் தேயிலைக்கு ஒரே பெயர் கொடுத்தவர், 1762இல் மனம் மாறி அதை இரண்டு இனமாகப் பிரித்தார். பச்சைத் தேயிலை தரும் செடி ஒன்று, கறுப்புத் தேயிலை தரும் செடி வேறொன்று என்பது அவர் முடிவு. ஐரோப்பியர்கள் சீனத் துறைமுகங்களில் தேயிலையைப் பெட்டியில் பார்த்தார்களே தவிர தோட்டத்தில் பார்த்ததில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 1840களில், சீன உள்நாட்டில் சுற்றிய ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன், இரண்டும் ஒரே செடியிலிருந்துதான் வருகின்றன, பறித்த பிறகு செய்வதில்தான் வேறுபாடு என்று நேரில் பார்த்து எழுதினார்.

செடிக்குள்ளும் இரண்டு ரகங்கள் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சீன ரகம் சிறிய இலை கொண்டது, குளிர் தாங்கும், புதராக நிற்கும். அசாம் ரகத்தின் இலை பெரிது; வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். நீலகிரியிலும் ஆனைமலையிலும் இரண்டும் இருக்கின்றன, இரண்டின் கலப்பும் இருக்கிறது. மணத்துக்குப் பெயர்போன சி.ஆர். 6017 போன்ற தேர்வு ரகங்களும் உண்டு. ஆனால் எந்த ரகத்துக் கொழுந்தைப் பறித்தாலும் அதைப் பச்சைத் தேயிலையாகவும் ஆக்கலாம், கறுப்புத் தேயிலையாகவும் ஆக்கலாம். அதை முடிவு செய்வது ஒரு நொதி.

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்கு அந்த நொதியைத் தெரியும். நறுக்கிய பூவை மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கருத்துப்போகும். கறுக்கச் செய்வது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. மோரின் புளிப்பு அதை அடக்கிவைக்கிறது. தேயிலையில் இருப்பதும் அதே வகை நொதிதான். இலையின் உயிரணுவுக்குள் கேட்டகின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையில், அதாவது நுண்குமிழில், இருக்கின்றன. நொதியோ பசுங்கணிகத்தில் இருக்கிறது. நடுவே சவ்வு. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பூச்சி கடித்தாலோ கை கசக்கினாலோ சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன, காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்கிறது, இலை பழுப்பாகிறது. செடியைப் பொறுத்தவரை இது தற்காப்பு. துவர்ப்பும் காஃபீனும் பூச்சிக்குப் பிடிக்காது. பூச்சிக்காக வைத்த நஞ்சை நாம் காலையும் மாலையும் காசு கொடுத்துக் குடிக்கிறோம்.

அந்தச் சுவர் எப்போது, எந்த அளவுக்கு இடிய வேண்டும் என்று முடிவு செய்வதே தேயிலைத் தொழில். பறித்த சிறிது நேரத்திலேயே சூடுகாட்டி நொதியைக் கொன்றுவிட்டால் இலை பச்சையாகவே நிற்கும். அதுதான் கிரீன் டீ. ஜப்பானியர் ஆவியில் வேகவைப்பார்கள். சீனர் இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். ஆவியில் வெந்ததில் கடற்பாசி போன்ற பச்சை வாசனை வரும். வறுத்ததில் கடலை வாசனை. ஜப்பானில் உயர்ரகத் தேயிலைச் செடிகளுக்குப் பறிப்புக்கு முன் சில வாரம் நிழல் கட்டுவார்கள். இலையில் தியானின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. வெயில் பட்டால் அது கேட்டகினாக மாறிவிடும், நிழலில் அப்படியே தங்கிவிடும். துவர்ப்புக் குறைந்து, ஒருவகைச் சாறு ருசி கூடும். 1949இல் கியோட்டோ பக்கத்து நிழல் தேயிலையிலிருந்துதான் தியானினை முதலில் பிரித்தெடுத்தார்கள்.

வெள்ளைத் தேயிலை என்பது மொட்டை வாடவிட்டு உலர்த்துவது, அவ்வளவுதான். கசக்குவதில்லை. குன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களும் இப்போது செய்கின்றன. விலை கேட்டால் மயக்கம் வரும். ஊலாங் நடுவழி. இலையின் ஓரத்தை மட்டும் நசுக்கி, ஓரம் சிவந்ததும் சூடுகாட்டி நிறுத்திவிடுவார்கள். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து பூ வாசனையும் வரலாம், பழ வாசனையும் வரலாம். பூ-அர் வேறு கதை. அங்கே நொதியைச் சூடுகாட்டி அடக்கிய பின் நுண்ணுயிர்கள் வருகின்றன. ஈரமாகக் குவித்தோ ஆண்டுக்கணக்கில் பழையதாக்கியோ பூஞ்சைகளை வேலை செய்ய விடுகிறார்கள். மற்ற தேயிலைகளின் தயாரிப்பிலும் தொழிற்சாலைக்காரர்கள் ‘புளிக்க வைப்பது’ என்றுதான் சொல்வார்கள், ஆனால் அங்கே புளிப்பு எதுவும் இல்லை. நடப்பது ஆக்சிஜனேற்றம். நிஜமாகப் புளிப்பது பூ-அர் வகைதான்.

நம் கடைப் பலகையின் முதல் வரியில் இருக்கும் சாதா டீக்கு வருவோம். அதன் தூள் கறுப்புத் தேயிலை. நொதியைத் தடுக்காமல் முழு ஆட்டம் ஆடவிட்டுச் செய்வது. இலையை முதலில் பல மணி நேரம் வாடவிடுகிறார்கள். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது கொஞ்சம் இறங்கினால்தான் இலை நொறுங்காமல் கசங்கும். பிறகு உருட்டுவது அல்லது வெட்டுவது. சுவர் இடிந்ததும் கேட்டகின்கள் ஜோடி சேர்ந்து தியாஃபிளேவின் ஆகின்றன. பொன்னும் ஆரஞ்சும் கலந்த நிறம், நாக்கில் சுறுசுறுப்பான துவர்ப்பு. 1950களில் இ.ஏ.எச். ராபர்ட்ஸ் என்ற வேதியியலாளர் இதை ஆராய்ந்து பெயர் சூட்டினார். இன்னும் நேரம் போனால் அவை மேலும் சேர்ந்து தியாரூபிஜின் என்ற கனத்த, செம்பழுப்புக் கூட்டமாகின்றன. நிறமும் திண்மையும் தியாரூபிஜினால் வருவது, பளிச்சென்ற தன்மை தியாஃபிளேவினால் வருவது. அதிகம் விட்டால் பளிச்சு போய்க் கறுப்பு மட்டும் மிஞ்சும். எனவே ஓர் இடத்தில் சூடான காற்றை ஊதி, ஈரத்தை மூன்று சதவீதம் அளவுக்கு இறக்கி, நொதியின் கதையை முடிக்கிறார்கள். பதம் பார்ப்பது என்று அடுப்படியில் சொல்வோமே, தொழிற்சாலைக்காரரின் திறமை முழுவதும் அதில்தான். பத்து நிமிடம் தவறினாலும் ஏலத்தில் விலை விழும்.

ஏலம் என்றால் குன்னூர். அங்கே தேயிலை ஏலம் 1963இல் தொடங்கியது. முன்பு சுத்தியல் தட்டி விற்றார்கள், இப்போது கணினித் திரையில் விற்கிறார்கள். இலைத் தேயிலைக்குத் தனி விற்பனை, டஸ்ட் எனப்படும் சிறு துகள் வகைக்குத் தனி விற்பனை.

நீலகிரியில் தேயிலை வந்த கதை 1830களில் கேத்தியில் தொடங்குகிறது. சீனாவிலிருந்து விதை வரவழைத்து, கல்கத்தாவிலிருந்து நாற்றுகளைப் பல இடங்களுக்கு அனுப்பிப் பார்த்த காலம் அது. கேத்தி சோதனைப் பண்ணைக்கும் கொஞ்சம் வந்தது. அங்கே அவற்றைக் கவனித்துத் தேற்றியவர் பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். வணிகத் தோட்டங்கள் 1850களுக்குப் பிறகுதான் எழுந்தன. தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் சங்கமான யூபாசி 1893இல் உருவானது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்று வால்பாறையில் இருக்கிறது.

கொழுந்து பறித்தவர்களின் கதை இன்னும் நீளம். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டு கழித்து இலைத்துரு நோய் காபித் தோட்டங்களைத் தாக்கத் தொடங்கியது. தீவு தேயிலைக்கு மாறியது. அந்த மலைகளில் வேலை செய்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதியது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறை நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. ஆக, கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து கிள்ளிய பல விரல்கள் அந்த வேலையை நுவரெலியாவிலும் பதுளையிலும் கற்றவை. லயம், கவ்வாத்து, கங்காணி, பெரட்டு என்ற சொற்கள் கடலின் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கிள்ளுவது இரண்டு இலை, ஒரு மொட்டு. அதற்குக் கீழே உள்ள இலை முற்றியது. நார் கூடும், கேட்டகினும் காஃபீனும் குறையும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி இறங்கும் நாள்களில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. வளர்ச்சி குறைந்தால் மணப்பொருள்கள் அடர்ந்து நிற்கும்; அந்தப் பருவத்து நீலகிரித் தேயிலைக்கு மல்லிகையை ஒட்டிய வாசனை உண்டு. அது நம் தெருமுனைக் கடைக்கு அதிகம் வருவதில்லை. வந்தாலும் பாலும் சர்க்கரையும் அதை அமுக்கிவிடும்.

தெருமுனைக்கு வருவது டஸ்ட். இந்த டஸ்டைப் பற்றி ஒரு வதந்தி நெடுநாளாக உலவுகிறது. நல்ல இலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது, தரையில் கூட்டிய தூசி நமக்கு வருகிறது என்பார்கள். தவறு. உலர்ந்த தேயிலையைச் சல்லடை மேல் சல்லடையாகச் சலித்துத் துகளின் அளவுப்படி பிரிக்கிறார்கள். பெரியவை இலை வகை. மிகச் சிறியவை டஸ்ட் வகை. எஸ்.ஆர்.டி., ஆர்.டி., எஸ்.எஃப்.டி. என்று டஸ்டுக்குள்ளேயே தரங்கள் இருக்கின்றன. நல்ல எஸ்.ஆர்.டி. பல இலை வகைகளைவிட அதிக விலைக்குப் போகும்.

அந்தச் சிறு துகளைக் கொண்டுவந்தது ஓர் இயந்திரம். 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கினார். பெயர் சி.டி.சி.; நசுக்கு, கிழி, சுருட்டு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் நெருங்கி, எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. மெதுவானது இலையைப் பிடித்துக்கொடுக்கிறது, வேகமானது கிழித்தெடுக்கிறது. இப்படி மூன்று, நான்கு ஜோடி உருளைகளுக்குள் போய் வெளியே வரும்போது இலை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை, ஈரமான பச்சைக் குருணைதான். எல்லா அறைச் சுவர்களும் இடிந்துவிட்டன. பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில் உருட்டும்போது பல உயிரணுக்கள் தப்பித்துவிடும், அதனால்தான் அதில் நுணுக்கமான மணம் மிஞ்சுகிறது. சி.டி.சி.யில் எதுவும் தப்புவதில்லை. மணம் குறையும், நிறமும் வேகமும் கூடும். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் இந்த இயந்திரத்தைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். பல் மழுங்கினால் தரம் போச்சு; அவ்வப்போது உருளையைக் கழற்றிப் பல் வெட்டியாக வேண்டும்.

சிறு துகளால் என்ன லாபம்? ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துகளைக் கால் மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 64 துண்டுகள் கிடைக்கும். தூளின் எடை அதேதான். ஆனால் தண்ணீர் தொடும் மேற்பரப்பு நான்கு மடங்கு. சாறு உள்ளிருந்து வெளியே வர வேண்டிய தூரமும் நான்கில் ஒன்று. விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பதினாறில் ஒரு பங்காகிறது. முழு இலைக்கு ஐந்து நிமிடம் தேவைப்படும் இடத்தில் டஸ்டுக்குச் சில நொடிகள் போதும்.

சில நொடிகள் ஏன் முக்கியம் என்று தெரிய அம்பத்தூரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தொழிற்பேட்டை 1964இல் வந்தது. பக்கத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் விஜயந்தா டேங்குகளைச் செய்யத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்கச் சொன்னது. ஆவடி டேங்க் ஃபேக்டரி அந்த எண்ணிக்கைக்குள் வந்துவிடும். அம்பத்தூரின் பிளேட்டிங் கடைகளும், மோல்டிங் யூனிட்டுகளும், பத்துப் பேர் இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகளும் வராது. அவர்களுக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் டீக்கடைதான் கேன்டீன். பத்தரை மணிக்கு ஒரு பத்து நிமிட இடைவெளி. முப்பது பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். ஒரு ஹெல்பர் கம்பி ஸ்டாண்டில் ஆறு கிளாஸ் கேட்பார். ஐந்து நிமிடம் ஊற வேண்டிய இலை இங்கே தொழில் செய்ய முடியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரவு லாரி நிறுத்தும் கடைகளுக்கும் இதே கணக்கு. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில், தமிழ்நாட்டில் காபி நடுத்தர வர்க்கத்தின் பானமாகவும் டீ உழைப்பாளரின் பானமாகவும் பிரிந்ததைக் காட்டியிருப்பார். அந்தப் பிரிவினைக்கு விலையும் விளம்பரமும் காரணம். டஸ்டின் வேகமும் ஒரு காரணம் என்பேன்.

இனி டீ மாஸ்டரின் கையைப் பார்க்கலாம். பாய்லரில் தண்ணீர் தளதளவென்று இருக்கிறது. துணிப்பையில் தூள். மேலே வெந்நீர் ஊற்றினால் கீழே குவளையில் டிகாக்‌ஷன் இறங்குகிறது. காஃபீன் சிறிய மூலக்கூறு, நன்றாகக் கரைவது. முதல் ஊற்றிலேயே பெரும்பகுதி வந்துவிடும். கனத்த தியாரூபிஜின்கள் பின்னால் வருகின்றன. அதே தூளில் மூன்றாவது, நான்காவது முறை ஊற்றினால் நிறம் இருக்கும், விறுவிறுப்பு இருக்காது. இறக்கிய டிகாக்‌ஷனை மணிக்கணக்கில் சூட்டிலேயே வைத்தால் தியாஃபிளேவின் சிதைந்து, பளிச்சு போய், மந்தமான கறுப்பாகும். நான்கு மணிக்கு டீ நன்றாயிருந்த கடையில் ஏழு மணிக்குச் சரியில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பால் சேர்ந்ததும் நடப்பது இன்னும் சுவையானது. துவர்ப்பு என்பது நாக்கில் உணரும் ருசியைவிட வாய் உணரும் வறட்சி. தேநீரின் பாலிஃபீனால்கள் எச்சில் புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரட்டிவிடுவதால் வருவது. பாலில் உள்ள கேசின் என்ற புரதமும் அவற்றோடு பிணையக்கூடியது. கேசின் கிளாஸிலேயே பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் எச்சிலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சி.டி.சி. டஸ்டின் முரட்டுத் துவர்ப்பும் நம் பாலும் இப்படித்தான் ஒத்துப்போகின்றன. டார்ஜிலிங் இலையில் பால் ஊற்றினால் பால் மட்டுமே தெரியும்.

பிறகு ஆற்றுவது. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கை நீளத்துக்கு இழுத்து ஊற்றுகிறார் மாஸ்டர். நீண்ட தாரையாக விழும்போது காற்று படும் பரப்பு கூடி, ஆவியாதல் மூலம் சூடு சட்டென்று இறங்குகிறது. பால் புரதம் காற்றைப் பிடித்து நுரையாகிறது. மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைகள் இதையே தே தாரிக் என்று புகழ்பெறச் செய்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் சேர்த்தது. டீயோ காபியோ பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை. நாலு இழுப்பு இழுத்துத் தரும் மாஸ்டர் நுரைக்காக மட்டும் அதைச் செய்வதாக நினைக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேற்குப் புறநகர் டீயைப் பற்றிப் பேச முடியாது. புழல் ஏரி ஒரு பக்கம், செம்பரம்பாக்கம் ஏரி இன்னொரு பக்கம் இருந்தும், இங்கே பல தெருக்களில் புழங்குவது போர் தண்ணீர்தான். நாம் ‘உப்புத் தண்ணி’ என்போம். அதில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். அந்தத் தண்ணீரில் பிளாக் டீ போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் மேலே எண்ணெய் போல ஒரு மினுமினுப்புப் படலம் கட்டும், குடித்து முடித்ததும் கிளாஸின் உள்விளிம்பில் பழுப்பு வளையம் நிற்கும். பால் டீயின் மேல் படியும் ஆடை வேறு, அது பாலின் புரதம். இந்தப் படலம் என்னவென்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவும் தியோகிராசியஸ் ஜகன்யியும் ஆராய்ந்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து இருந்தால்தான் அது உருவாகிறது. தேநீரின் பாலிஃபீனால்கள் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்து கட்டிய தோல் அது. எலுமிச்சை பிழிந்தால் மறைந்துவிடும். அமிலம் பைகார்பனேட்டை ஒழித்துவிடுவதுதான் காரணம்.

எலுமிச்சை இன்னொன்றும் செய்கிறது. தியாரூபிஜின்கள் மென்அமிலங்கள். கடினநீரின் காரத்தன்மையில் அவை அயனியாகி அடர்ந்த நிறம் காட்டும். புளிப்பு சேர்ந்தால் வெளிறும். லெமன் டீ பிழிந்த கணத்தில் கறுப்பிலிருந்து தேன் நிறத்துக்குத் தாவுவது இதனால்தான். காஷ்மீரிகள் எதிர்த்திசையில் போகிறார்கள். பச்சைத் தேயிலையில் சமையல் சோடா சேர்த்து நெடுநேரம் காய்ச்சி, பால் ஊற்றி இளஞ்சிவப்பாக்குகிறார்கள். ஒரே தூளை வீட்டில் போர் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் டீ கறுத்து, மந்தமாக, ‘நல்ல ஸ்ட்ராங்’ போலத் தெரியும். கேன் தண்ணீர் டீ செந்நிறமாகத் தெளிந்திருக்கும். ருசியில் வெல்வது இரண்டாவதுதான்.

உடம்புக்கு என்ன செய்கிறது? டீயில் இருப்பது காஃபீனேதான். 1827இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் அது தனிப்பொருள் என்று நினைத்து ‘தீயின்’ என்று பெயர் வைத்தார்கள். 1838இல் இரண்டும் ஒன்றென்று தெரிந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு முறை குடிக்கும் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் இருக்கும் என்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. டீக்கடைக் கிளாஸ் சின்னது என்றாலும் ஷிஃப்டுக்கு ஆறு ஏழு கிளாஸ் குடிப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது அதே வழிகாட்டியின் இன்னொரு அறிவுரை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ வேண்டாம். கீரை, பருப்பு, ராகியிலிருந்து கிடைக்கும் இரும்பைப் பாலிஃபீனால்கள் குடலில் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடுவதில்லை. இட்லி சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். இரத்தசோகை பரவலாக இருக்கும் பெண்களுக்கு இந்தப் பழக்கம் மெய்யாகவே கெடுதல். உடல் இளைக்க கிரீன் டீ என்ற விளம்பரங்களை அவ்வளவு நம்ப வேண்டியதில்லை. குடிப்பதென்றால் கொதிக்கும் நீரில் போடாதீர்கள். எழுபது, எண்பது டிகிரிக்கு ஆறிய நீர் போதும். கொதிநீர் கேட்டகின்களை ஒரேயடியாக இழுத்துவந்து கசக்கவைக்கிறது.

கடைசியாகக் கலப்படம். ‘ஸ்ட்ராங்’ என்றால் கறுப்பு என்று நாம் பழகிவிட்டதால், காய்ந்த சக்கையிலும் மட்டத் தூளிலும் சாயம் ஏற்றி விற்பவர்கள் பிழைக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித்தரும் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு வடிதாளில், கிடைக்காவிட்டால் வெள்ளை டிஷ்யூ தாளில், வீட்டுத் தூளை மெல்லப் பரப்புங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். தூளை அகற்றிவிட்டுத் தாளைக் குழாய் நீரில் அலசி வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல தூளின் நிறம் பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் இறங்கும், அலசினால் தாளில் கறை நிற்காது. சாயம் உடனே இறங்கிக் கருப்பும் பழுப்புமாகத் தங்கிவிடும். தூளுக்கு மேல் ஒரு காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள். இரும்புத் துகள் கலந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். கறை விட்ட தூளைத் தூக்கிப் போடாமல், பாக்கெட்டோடு பத்திரமாக வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.